வரிசையைக் குறைத்த கதை

அந்த அம்மாள் மூட்டையைத் தலையிலிருந்து இறக்கவே இல்லை. செக்கர் சங்கரலிங்கம் ஜன்னலுக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தார்.

"ஆமத்தூருக்கு வியாழக்கிழமைன்னு எத்தன தடவ சொல்ல? இன்னைக்குச் செவ்வாய். போ, போயிட்டு வியாழக்கிழம வா."

மூட்டைக்குள் இருந்தவை தீப்பெட்டிக் கூடுகள். கம்பெனி கொடுக்கும் மரச்சில்லையும் நீலத்தாளையும் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். பசை காய்ச்சி, கூடு ஒட்டி, வெயிலில் உலர்த்தி, துணியில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வருவார்கள். கனமில்லாத சுமைதான். ஆனால் மூட்டை ஆளைவிடப் பெரிதாக இருக்கும். எதிர்க்காற்றில் அதைச் சுமந்து ஆறேழு மைல் நடப்பது சிரமமான காரியம்.

சத்தம் கேட்டு நான் ஆபீசிலிருந்து வெளியே வந்தேன். எனக்கு உள்ளுக்குள் கோபம். எந்த ஊர்க்காரர்கள் எந்தக் கிழமை, எந்த நேரத்தில் வரவேண்டும் என்று அட்டவணை போட்டவன் நான். எல்லா ஊர்க்காரர்களும் அதற்குப் பழகிவிட்டார்கள். இந்த ஒரு அம்மாள் மட்டும் மூன்றாவது முறையாகத் தவறான கிழமையில் வந்து நிற்கிறார்.

"ஏம்மா, உனக்குச் சொன்னாப் புரியாதா? உன் ஒருத்திக்காக எல்லாத்தையும் மாத்தணுமா?" என்றேன்.

அவருக்கு என் அம்மா வயதிருக்கும். எனக்கு அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு. ஆனாலும் ஒருமையில்தான் பேசினேன். ஆபீசில் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம். அது தவறென்று அன்றைக்கு எனக்கு உறைத்ததாக ஞாபகமில்லை.

அவர், "புதுப்பட்டி ஆளுக வந்துட்டுப் போயிட்டாகளாய்யா?" என்று மட்டும் கேட்டார்.

"அது உனக்கு எதுக்கு?" என்றேன்.

இன்றைக்கும் அந்த மூன்று வார்த்தைகளை நினைத்தால் வாய் கசக்கிறது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், அந்த அட்டவணை எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டும்.

மதுரையில் மூன்று வாரம்

நான் விருதுநகரில் கணிதம் படித்தவன். அப்பா அங்கே ஒரு மிளகாய் வற்றல் கிட்டங்கியில் வேலை பார்த்தார். அவர் சட்டையைத் துவைத்தால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தும்மல் வரும். படிப்பை முடித்துச் சிவகாசியில் தீப்பெட்டியும் மத்தாப்பும் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் கடிதப் போக்குவரத்துக் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். படித்த கணிதத்துக்கும் பார்த்த வேலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அறுபதுகள் பிறந்து ஓரிரண்டு வருடம் இருக்கும். மதுரையில் தொழிற்சாலை நிர்வாகம் பற்றி மூன்று வாரப் பயிற்சி நடக்கிறது, ஆள் அனுப்பலாம் என்று முதலாளிக்கு ஒரு கடிதம் வந்தது. அதைப் பிரித்துப் படித்துக் காட்டியவன் நான். "வேற யாரு போவா, நீயே போயிட்டு வா" என்றார்.

கல்கத்தாவிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். மெலிந்த மனிதர். சாக்பீஸ் தூள் படிந்த கையாலேயே தலையைக் கோதிக்கொள்வார். மத்தியானத்துக்குள் முன்முடி நரைத்துவிடும். முதல் நாள் அவர் கரும்பலகையில் எழுதிய தலைப்பு ஆபரேஷன்ஸ் ரிசர்ச். யுத்த காலத்தில் கப்பல்களை எப்படி அனுப்புவது என்று யோசித்தவர்கள் கண்டுபிடித்த முறைகள், இப்போது மில்லுக்கும் பஸ் கம்பெனிக்கும் உதவுகின்றன என்றார்.

நான் கல்லூரியில் படித்த கணிதத்தில் மனிதர்கள் கிடையாது. இதில் இருந்தார்கள். முடிதிருத்தகத்தில் காத்திருப்பவர்கள், துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர்கள், எந்த ஆளுக்கு எந்த வேலை கொடுப்பது என்று விழிக்கும் மேஸ்திரி. வரிசைக் கணக்கு என்று ஒன்று சொல்லித் தந்தார். ஆட்கள் எவ்வளவு இடைவெளியில் வருகிறார்கள், ஒருவரைக் கவனித்து அனுப்ப எவ்வளவு நேரம் ஆகிறது, இந்த இரண்டும் தெரிந்தால் போதும். வரிசை எவ்வளவு நீளும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். வரும் வேகம் அனுப்பும் வேகத்தை நெருங்க நெருங்க வரிசை கொஞ்சம் கொஞ்சமாக அல்ல, திடீரென்று மலைபோல வளரும். அதை அவர் கோடாக வரைந்து காட்டியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் கம்பெனி முற்றத்தில் செவ்வாயும் வெள்ளியும் நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கோடுதான்.

பக்கத்து நாற்காலியில் கோயமுத்தூர் மில்லிலிருந்து வந்த ராமநாதன் என்பவர். மூன்று வாரமும் நாங்கள் இருவரும் சாப்பாட்டு இலையை ஓரமாகத் தள்ளிவிட்டு மேஜையில் தண்ணீரால் கட்டம் போட்டுப் பேசினோம். என் வாழ்க்கையில் அவ்வளவு பேசிய மூன்று வாரங்கள் வேறில்லை.

புலிப் படத்தின் பின்பக்கம்

திரும்பி வந்ததும் முதலாளி கேட்டார். "என்ன தம்பி, அங்கன போயி என்னத்தப் படிச்ச?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு நிமிஷம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரி, நம்ம வாசல்ல நிக்கிற கூட்டம் குறையுமா? அதச் சொல்லு" என்றார்.

"குறைக்கலாம்."

"அம்புட்டுத்தான் எனக்கு வேணும்" என்று எழுந்து போய்விட்டார்.

எனக்கு அது மட்டும் போதாது. யாரிடமாவது அதைப் பற்றிப் பேசவேண்டும்போல இருந்தது. சங்கரலிங்கத்திடம் பேசிப் பார்த்தேன். "நல்லாருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். மாதம் ஒருமுறை விருதுநகர் போவேன். "வேலை எப்படி?" என்பார் அப்பா. "நல்லாருக்கு" என்பேன். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடாது. பஸ் ஏறும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

நான் குடியிருந்தது ஒரு அச்சகத்து மாடி அறையில். வாரநாட்களில் கீழே மெஷின் ஓடும், தரை நடுங்கும், டம்ளரில் வைத்த தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும். அந்தச் சத்தம் ஒரு துணை. ஞாயிற்றுக்கிழமை மெஷினுக்கு லீவு. மை வாடை மட்டும் படியேறி வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களைத் தள்ளுவதுதான் பெரும்பாடு.

அச்சகத்தில் பிழையாகிப்போன தீப்பெட்டி லேபிள் தாள்களைச் சும்மாவே கொடுப்பார்கள். முன்பக்கம் புலி, கிளி, தாமரை. பின்பக்கம் நான் கட்டம் போட்டுக் கணக்குப் போடுவேன். ஒரு கணக்கை முடித்ததும் அஞ்சலட்டையில் சுருக்கி எழுதி ராமநாதனுக்கு அனுப்புவேன். அவரும் ஒரு கணக்கை எழுதி அனுப்புவார். ஏழெட்டு மாதம் இப்படிப் போனது. பிறகு அவருக்குப் பம்பாயில் வேலை கிடைத்தது. புது முகவரியிலிருந்து ஓர் அட்டை வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. நான் மட்டும் மூன்று அட்டைகள் எழுதினேன்.

ஜன்னலோரம் ஒரு கைக்கடிகாரம்

வரிசையை அளக்கத் தொடங்கினேன். ஆபீஸ் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். யார் எப்போது வந்தார்கள், எப்போது செக்கர் ஜன்னலை அடைந்தார்கள், எப்போது போனார்கள் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து நீளநோட்டில் எழுதுவேன்.

எல்லாப் பெண்களும் வெயில் ஏறுமுன் வந்து திரும்பிவிட நினைத்து ஒரே நேரத்தில் வந்தார்கள். ஜன்னல்கள் இரண்டுதான். கூடுகளை எண்ண வேண்டும், ஒட்டல் சரியில்லாததைக் கழிக்க வேண்டும், அடுத்த தடவைக்குச் சில்லும் தாளும் கொடுக்க வேண்டும். கடைசியில் நிற்பவர் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். பிள்ளைத்தாய்ச்சிகள் மண்ணில் உட்கார்ந்துவிடுவார்கள். வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பெண்கள் சிலர் வெறுத்துப்போய் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார்கள். கூடு போதாமல் எங்கள் குச்சி அடைக்கிற கொட்டகை சில நாட்கள் வேலையில்லாமல் கிடந்தது.

அந்த முற்றத்தில் சத்தமான சத்தம் இருக்கும். ஊர் ஊராகக் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி புளி கொண்டுவந்து இன்னொருத்திக்குக் கொடுப்பாள். எங்கோ பிறந்த பிள்ளைக்கு இங்கே பெயர் யோசிப்பார்கள். சிரிப்பு கிளம்பினால் சங்கரலிங்கம் எண்ணிக்கையை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணுவார். நானும் பென்சிலைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். என் நோட்டில் அதற்கு இடமில்லை. வந்த நேரம், போன நேரம் என்று இரண்டே பத்திகள்தான் போட்டிருந்தேன்.

மூன்றாவது ஜன்னல் வைக்க முதலாளி சம்மதிக்கவில்லை. அப்படியானால் வருகையைப் பிரிக்கவேண்டும். ஊர்களை ஒரு பக்கம், கிழமையும் நேரமும் இன்னொரு பக்கம் எழுதிக் கட்டம் போட்டேன். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஊர்ப் பெண்கள் நிற்கவும் நடக்கவும் ஆகும் நேரம். வரிவரியாகச் சிறிய எண்ணைக் கழித்து, சுழிகள் மேல் கோடிழுத்து, நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் விடையைக் கண்டுபிடித்தேன். ஆமத்தூர் வியாழன் காலை. எம். புதுப்பட்டி செவ்வாய் மத்தியானம். இப்படி எல்லா ஊர்களுக்கும்.

கணக்கு ஜெயித்தது. அரைநாள் நின்றவர்கள் கால்மணி நேரத்தில் திரும்பினார்கள். முதலாளி இன்னொரு கம்பெனிக்காரரைக் கூட்டிவந்து என்னைக் காட்டி, "எல்லாம் இந்தத் தம்பி மூளை" என்றார். விட்டுப்போன வெம்பக்கோட்டைப் பெண்கள்கூடத் திரும்பி வந்தார்கள்.

முற்றம் அமைதியாகிவிட்டது. வருவார்கள், கொடுப்பார்கள், போவார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கடிதம் எழுதுவேன். சில சமயம் பேனாவை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டுவேன். பொருக்குத்தட்டிப்போன பசைச் சட்டியைச் சுரண்டும் சத்தம்தான் கேட்கும்.

புதுப்பட்டி வண்டி

மீண்டும் அந்தச் செவ்வாய்க்கிழமை.

என்னிடம் திட்டு வாங்கிய அம்மாள் பெயர் பேச்சியம்மா. முன் இரண்டு தடவையும் செக்கர் விரட்டியதும் போய்விட்டவர், அன்று போகவில்லை. கேட்டுக்கு வெளியே சுவரோரம் மூட்டையை இறக்கி அதன் நிழலிலேயே உட்கார்ந்துவிட்டார். மத்தியானச் சங்கு ஊதியது. எம். புதுப்பட்டிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். பேச்சியம்மா எழுந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

பேச்சியம்மா அழவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து வழுக்கி உட்கார்ந்தார்.

நான் போனேன். கையைப் பிடித்திருந்த பெண்தான் பேசினாள்.

"இவுக தங்கச்சி குருவம்மாவ எங்க ஊர்லதான்யா கட்டிக் குடுத்திருக்கு. கோயில் கொடை விழாவுல ரெண்டு வீட்டு ஆம்பளைகளுக்கும் அடிதடியாகி அஞ்சு வருசமா போக்குவரத்து இல்ல. அக்காவும் தங்கச்சியும் இங்கன வரிசையில நிக்கையிலதான் பாத்துக்கிடுவாக. இப்ப அதுவும் இல்லாமப் போச்சு."

"குருவம்மாவுக்கு என்ன?"

"எட்டு மாசத்துலயே பிரசவமாயிருச்சுய்யா. பிள்ள மூணாம் நாளு போயிருச்சு. அவ காய்ச்சல்ல கெடக்கா. இன்னையோட இருவது நாளாச்சு."

பேச்சியம்மா தரையைப் பார்த்துக்கொண்டே, என்னிடம் என்றுகூட இல்லை, பொதுவாகச் சொன்னார்.

"வரிசை இருந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

குற்றம் சாட்டும் குரலே இல்லை. மழை பெய்திருந்தால் விதைத்திருக்கலாம் என்பதுபோலச் சொன்னார். பிறகு எழுந்து முந்தானையை உதறிக்கொண்டார். "ஐயா, இந்த மூட்டைய மட்டும் உள்ள வச்சிக்கிடுங்க. வியாழக்கெழம வந்து எண்ணிக் குடுக்கேன். நான் புதுப்பட்டிக்குப் போறேன்."

"ஏத்துக்கிட மாட்டாகளே!" என்றாள் அந்தப் பெண்.

"வாசல்லயாவது நின்னுட்டு வாரேன்."

சில்லும் தாளும் ஏற்றிய கம்பெனி மாட்டுவண்டி ஒன்று புதுப்பட்டிக்குப் போகத் தயாராக நின்றது. அவரை அதில் ஏறச் சொன்னேன். நானும் ஏறினேன். சங்கரலிங்கம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "தம்பி, நீங்க எங்க போறீக?" என்றார். நான் வண்டிக்காரரை ஓட்டச் சொன்னேன்.

பேச்சியம்மா வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். கருவேலங்காடும் கரிசலும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. எங்கோ வெடிமருந்து உலர்த்தும் கந்தக வாடை வந்தது. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நாலைந்து தடவை வாயைத் திறந்தேன். எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தெரியுமுன் ஊர் வந்துவிட்டது.

குருவம்மாவின் வீட்டு வாசலில் அவள் மாமியார் நீலத்தாள் கத்தரித்துக்கொண்டிருந்தார். பேச்சியம்மாவைக் கண்டதும் கத்தரிக்கோல் நின்றது.

"இவ எதுக்கு இங்கன வந்தா?"

நான் முன்னால் போனேன். "நான் கம்பெனி ஆபீஸ்ல இருந்து வாரேன். குருவம்மா ஏன் கூடு கொண்டுவரலன்னு பார்க்க வந்தேன். இவுகள நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

அந்த ஊரில் பாதி வீடுகள் எங்கள் கம்பெனிக் கூட்டை ஒட்டிக்கொண்டிருந்தன. ஆபீஸ் ஆள் வாசலில் நிற்கும்போது அவர் என்ன சொல்ல முடியும்? அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். மாமியார் என்னைப் பார்த்தார், பேச்சியம்மாவைப் பார்த்தார். பிறகு காலை மடக்கி வழிவிட்டார். "அவளும் பொம்பளதான. போகட்டும்."

பேச்சியம்மா குனிந்து உள்ளே போனார். பிறகு இரண்டு குரல்கள் ஒன்றாக எழுந்தன. எது அக்காவுடையது, எது தங்கையுடையது என்று பிரிக்க முடியவில்லை.

நான் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். மாமியார் தயங்கித் தயங்கிக் கேட்டார். "தண்ணி... எங்க வீட்டுத் தண்ணி குடிப்பீகளாய்யா?"

"குடுங்கம்மா" என்றேன். செம்பைக் கழுவிக் கழுவிக் கொண்டுவந்தார். குடித்தேன். நான் அந்த வட்டாரத்தில் ஒரு கூலிக்காரப் பெண்மணியிடம் மரியாதைப் பன்மையில் பேசியது அன்றுதான் முதல் தடவை.

கடைசியில் நின்றவர்கள்

மறுநாளே அட்டவணையைத் திருத்தினேன். ஆமத்தூரையும் புதுப்பட்டியையும் ஒரே கிழமை, ஒரே நேரத்தில் போட்டேன். இந்தத் தடவை புதிதாக ஒன்று செய்தேன். ஜன்னலுக்கு வந்த ஒவ்வொரு பெண்ணிடமும், "எந்த ஊர்க்காரங்களோட சேர்ந்து வரணும்?" என்று கேட்டேன். முதலில் சிரித்தார்கள். அப்புறம் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருத்திக்கு மகள், ஒருத்திக்கு அத்தை, ஒருத்திக்குச் சும்மா ஒரு சிநேகிதி. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினேன். அதன்படி கிழமைகளைப் பிரித்துப் பார்த்தபோது பழைய கூட்டத்தில் பாதி தாளில் திரும்பி வந்துவிட்டது.

அந்தத் தாளைப் பார்த்த முதலாளிக்கு ஆத்திரம். "நீயே குறைச்ச, இப்ப நீயே கூட்டுறியே? படிச்சிட்டு வந்த லட்சணம் இதானா?"

இந்தக் கணக்கை எந்த வாய்பாட்டில் எழுதிக் காட்டுவது? வாயால் சொல்லிப் பார்த்தேன். தங்கை, பிரசவம் என்று நான் சொன்னது அவர் காதில் வேறு யாருடைய குடும்பக் கதைபோல விழுந்திருக்க வேண்டும். "அதுக்குக் கம்பெனி என்ன செய்யும்?" என்றார். அட்டவணை வேலை என்னிடமிருந்து போனது. அவருடைய மச்சினன் பழைய தாளையே எடுத்துச் சுவரில் ஒட்டினார். ஆமத்தூர், புதுப்பட்டி இரண்டையும் மட்டும் சேர்ந்தே விடும்படி கெஞ்சினேன். "சரி, ஒழியட்டும்" என்று அந்த ஒரு வரியை மட்டும் திருத்த விட்டார். மற்ற பெண்கள் சொன்னதெல்லாம் என் தாளிலேயே தங்கிவிட்டது. நான் மீண்டும் கடிதக் குமாஸ்தா ஆனேன்.

ஒன்றரை மாதம் கழித்துக் குருவம்மா வந்தாள். அதுவரை அவளை நான் வரிசையில் ஒரு நேரமாக மட்டுமே எழுதியிருக்கிறேன், முகம் பார்த்ததில்லை. கன்னம் ஒட்டிப்போய், கழுத்தெலும்பு தெரிய, தூக்க முடிந்த அளவு சின்ன மூட்டையோடு வந்தாள். பேச்சியம்மா முன்பே வந்து காத்திருந்தார். இருவரும் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

அன்றைக்கு வந்தவர்கள் குறைவு. சீக்கிரமே அவர்கள் முறை வந்துவிட்டது. அப்போது பேச்சியம்மா பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்து, "நீ முந்திப் போத்தா" என்றார். அடுத்தவளையும் முன்னே விட்டார்கள். அதற்கடுத்தவளையும். யார் வந்தாலும் முன்னே விட்டுவிட்டு இருவரும் வரிசையின் கடைசிக்குத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தார்கள். சங்கரலிங்கம் இரண்டு தடவை கூப்பிட்டார். "இந்தா வாரோம்யா" என்றார்களே தவிர எழுந்திருக்கவில்லை.

மதுரையில் அந்தப் பேராசிரியர் சொல்லித் தந்த வரிசைகளில் சீக்கிரம் போக நினைப்பவர்கள்தான் இருந்தார்கள். ராமநாதனுக்கு இதை எழுதவேண்டும் என்று நினைத்தேன். பம்பாய் முகவரி என்னிடம் இருந்தது. ஆனால் எழுதவில்லை.

அதற்குப் பதிலாக எழுந்து முற்றத்துக்குப் போனேன். அவர்களோடு இரண்டு வார்த்தை பேசவேண்டும்போல இருந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கலாம். வண்டியில் சொல்ல முடியாமல் போனதைச் சொல்லலாம். அக்கா ஏதோ சொல்ல, தங்கை முழங்காலில் முகத்தைப் புதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

என் நிழல் மண்ணில் விழுந்ததும் சிரிப்பு நின்றது. இருவரும் மூட்டையைப் பற்றிக்கொண்டு மரியாதையாக எழுந்து நின்றார்கள்.

"ஒண்ணுமில்ல, நீங்க உக்காருங்க" என்றேன்.

நான் ஆபீசுக்குள் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்து, வெகுநேரம் கழித்துத்தான் அவர்கள் பேச்சு மறுபடி தொடங்கியது.